இரண்டு மத்தூர்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரைத் தெரியுமா? பெங்களூர்–மைசூர் சாலையில், வடைக்குப் பேர்போன இன்னொரு மத்தூரும் இருக்கிறது. கன்னடத்தில் அதற்கு வேறு 'த'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கை ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து அக்சஸுக்கு மாற்றினார்கள். கூட இருந்து பார்த்தேன். தொழிலாளர்களில் இரண்டு மத்தூர்க்காரர்களும் உண்டு. பழைய ஃபைலில் ஒரே ஊரை இங்கிலீஷில் நாலு விதமாக அடித்து வைத்திருந்தார்கள். ஆபரேட்டர் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார். கிருஷ்ணகிரிக்காரர் ஒருவரின் பி.எஃப். கடிதம் மாண்டியா மாவட்டத்துக்குப் போய், மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மனுஷன் பெண் கல்யாணத்துக்காக அந்தப் பணத்துக்குக் காத்திருந்தவர்.

இத்தனைக்கும் ஃபைலை மாற்றியது பத்து நிமிஷ வேலை! ஏன் அவ்வளவு சுலபம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

1978-ல் கலிபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் லாபரட்டரியில் ஒப்பந்த வேலை பார்த்தவர் வேய்ன் ராட்லிஃப். ஆபீஸ் ஃபுட்பால் பந்தயத்தில் ஜெயிக்க ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தார். அது பெரிதாகி 'வல்கன்' ஆயிற்று. ஜார்ஜ் டேட் அதை வாங்கி, 'டிபேஸ் டூ' என்று பெயர் மாற்றி விற்றார். 'ஒன்' என்று ஒன்று வரவே இல்லை. கம்பெனி பெயர் ஆஷ்டன்-டேட். அதில் ஆஷ்டன் என்றும் யாரும் கிடையாது. சும்மா ஒரு கெத்துக்கு!

அதன் டிபிஎஃப் ஃபைல் வெள்ளந்தி. தலையில் ஒவ்வொரு கட்டத்தின் பெயர், வகை, அகலம். கீழே வரிசை வரிசையாக எழுத்துகள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். பேராசிரியர் டேவ் ஃபுல்டன் படித்தார். அதையே வேகமாக ஓட்டும் ஃபாக்ஸ்பேஸைக் கொண்டுவந்தார். 1988-ல் ஆஷ்டன்-டேட் வழக்குப் போட்டது. 1990 டிசம்பரில் நீதிபதி டெர்ரி ஹேட்டர், 'லாபரட்டரியின் பழைய புரோகிராமிலிருந்து வந்ததை மறைத்தீர்கள், உங்கள் காப்புரிமையே செல்லாது' என்றார். நாலு மாதத்தில் அவரே அதை ரத்து செய்தார். 1991-ல் போர்லண்ட் ஆஷ்டன்-டேட்டை வாங்கியபோது, வழக்கைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க அரசு நிபந்தனை போட்டது. மறு வருஷம் ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. அதே 1992 நவம்பரில் அக்சஸ் வந்தது. டிபிஎஃப் படிக்கத் தெரியாமல் அது வந்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

தமிழுக்குத்தான் கஷ்டகாலம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. இடம் மாற்றினால் முருகேசன் கிறுக்கலாகிவிடுவார். தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்று ஒழுங்கு செய்தது. 2010-ல் யூனிகோடுக்கு வந்தது.

ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஆதரவு 2015-ல் முடிந்துவிட்டது. ஃபைல் மட்டும் சாகவில்லை. நில வரைபடங்களுக்குப் பயன்படும் ஷேப்ஃபைலைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே அதே டிபிஎஃப். கட்டத்தின் பெயருக்கு இன்றும் பத்து எழுத்துதான்.