பாத்திரப் பூச்சின் பழங்கதை
பின்னி ஆலைச் சங்கும் ரயில்வே பட்டறையின் சம்மட்டியோசையும் நித்திய வாழ்வின் தாளமாய் விளங்கிய பெரம்பூர்ப் பகுதியில், பித்தளைப் பாத்திரத்துப் புளிக்குழம்பு களிம்பேறிக் கெடாதிருக்கும் பொருட்டு, தெருவோரத்திலேயே துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் பளபளக்கச் செய்த ஈயம் பூசுவோரின் கைத்திறன் இல்லறத்திற்கு இன்றியமையாததாயிருந்தது. அத்திறனுக்கு நாம் உரிய கௌரவம் அளிக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் தொடங்கிய அலுமினியப் பாத்திரத் தொழிலும், பின்வந்த எவர்சில்வரும் அதனை க்ஷீணிக்கச் செய்தன. 1938-இல் அமெரிக்க ரசாயன நிபுணர் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லான் பூசிய நான்ஸ்டிக் தவாவே இன்று அடுப்பேறுகிறது. ஈயம் தேய்ந்தால் வீட்டு வாசலிலேயே மறுபடியும் பூசலாம். நான்ஸ்டிக் தவாவுக்கு அந்த வசதியில்லை. ஆகையால் கனத்த அடியுள்ளதாகத் தேர்ந்து, வெறுமனே காயவிடாமல், மிதமான தீயில் மரக்கரண்டியையே உபயோகித்து, மென்மையான பஞ்சால் துலக்குங்கள்.