பெங்களூரில் படர்ந்த கொடி சிம்லாவில் காய்த்த கதை



ஆடித்தபசு முடிந்த வாரத்தில் சங்கரன்கோவில் நண்பர் ஒருத்தர் நாற்றுப் பையோடு வந்தார். "அண்ணாச்சி, இது கிவிக் கொடியாம். உறைபனியவே தாங்குமாம். நம்ம வெயில தாங்காதா? முத்தத்துல பந்தல் போட்டு ஏத்திரலாம்லா?" என்று கேட்டார். விலை நானூறு ரூபாயாம். பந்தல் செலவு தனி. பந்தல்கால் ஊன்றும் முன்னால் இந்தக் கொடியின் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

இதன் பிறந்த ஊர் சீன தேசத்து மலைக்காடு. 1904-ல் இசபெல் ஃபிரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை, அங்கே சமயப்பணியில் இருந்த சகோதரியைப் பார்த்துவிட்டு, நியூசிலாந்துக்குக் கொஞ்சம் விதை கொண்டுவந்தார். அலெக்சாண்டர் அலிசன் என்பவர் தோட்டத்தில் அது முளைத்து, 1910 வாக்கில் காய்த்தது. அதில் ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. நம்ம பனையைப் போலத்தான் இதுவும்: ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. முளைத்ததெல்லாம் ஆணாக இருந்திருந்தால் அங்கே காய் ஏது? சீன நெல்லி என்று விற்றுக்கொண்டிருந்தவர்கள், ஏற்றுமதிக்காக 1959-ல்தான் தங்கள் நாட்டுப் பறவையின் பெயரைப் பழத்துக்கு வைத்தார்கள்.

நமது நாட்டில் 1960-ல் பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் முதலில் நட்டார்கள். கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. பிறகு 1963-ல் சிம்லாவில் பாக்லி ஆராய்ச்சிப் பண்ணையில் நட்டார்கள், 1969-ல் காய்த்தது. இன்றைக்கு இமாசலத்திலும் அருணாசலத்திலும் மலைச்சரிவுகளில் பந்தல் பந்தலாகக் காய்க்கிறது.

இரண்டு ஊருக்கும் என்ன வித்தியாசம்? குளிர்தான். குளிர்காலத்தில் இக்கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்க வேண்டும். கடையில் விற்கும் பெரிய பழ வகைக்கு, 7 டிகிரிக்குக் கீழான குளிர் 700, 800 மணி நேரம் சேர்ந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். பெங்களூர்க் குளிரே போதவில்லை என்றால், மார்கழியிலும் போர்வை தேடாத நம்ம கரிசக்காட்டைப் பற்றிச் சொல்லணுமா?

நண்பர் வாங்கியது இதன் சின்னப்பழ வகை. திராட்சை அளவுதான் இருக்கும். முடியில்லாத தோல், அப்படியே சாப்பிடலாம். ஜப்பான், கொரியா, ருஷ்யாவின் கிழக்கோரம் இதன் சொந்த பூமி. தூக்கத்தில் இருக்கும்போது உறைநிலைக்குக் கீழே 25 டிகிரியையும் தாங்கும். குளிரைத் தாங்கும் என்றுதான் வியாபாரி சொல்லியிருக்கிறார். அந்தக் குளிர் இல்லாமல் அது காய்க்காது என்பதைச் சொல்லவில்லை. நாற்று ஆணா பெண்ணா என்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை!

திராட்சையும் குளிர்நாட்டில் தூங்குகிற கொடிதான். ஆனால் அது இங்கே தூங்காமலே, வெட்டினால் துளிர்த்துக் காய்க்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்தே ஆண்டு முழுவதும் பன்னீர்த் திராட்சை எடுக்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"அப்ப இந்த நாத்த என்ன செய்ய?" என்றார் நண்பர். தொட்டியில் நிழலோரமாக வைத்து இலையைப் பாருங்கள், காயை எதிர்பார்க்காதீர்கள் என்றேன். பந்தலுக்கு, வேர்விட்ட பன்னீர்த் திராட்சைக் குச்சி ஒன்று போதும். தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நடுங்கள். கொடி பந்தலேறி முதிர்ந்த பிறகு மார்கழி, தையில் ஒரு கவாத்து. வைகாசி, ஆனியில் ஒரு கவாத்து. அரிவாளைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெட்ட மனசு வராதவர் வீட்டில் திராட்சையும் இலையாகத்தான் நிற்கும்.