பிளாக்கிங்

பின்னி முடித்த கம்பளி, குரோஷே வேலையை நனைத்துப் பிழிந்து, வேண்டிய அளவுக்கு இழுத்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைப்பதற்குப் பெயர் பிளாக்கிங்.

'பிளாக்' என்றதும் நமக்கு அடைப்பு நினைவுக்கு வரும். கப்பல் வேலை தெரிந்த இராயபுரத்துக்காரருக்குக் கப்பி நினைவுக்கு வரும். இங்கே இரண்டும் பொருந்தாது. சொல்லின் அடிப்படைப் பொருள் மரக்கட்டை. பழைய டச்சு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தொப்பி செய்பவர்கள் ஈரக் கம்பளியைத் தலைவடிவக் கட்டையில் ஏற்றி உருவாக்கினார்கள். அந்த வினைதான் பின்னலுக்கும் வந்தது.

ஈரம் பட்டால் கம்பளி இழையின் உட்பிணைப்புகள் தளர்ந்து, காயும்போது புதிய நிலையில் இறுகும். பருத்தி டாய்லிக்கு, அதாவது சிறு பின்னல் விரிப்புக்கு, கஞ்சி போட்டால் ஓரம் விறைப்பாக நிற்கும். அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது. ஆவி காட்ட வேண்டும். சூடு மிஞ்சினால் துவண்டுவிடும், பிறகு மீட்க முடியாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் நைலான் வலைக்கும் இதற்கு உறவான ஒரு வேலை உண்டு. ஆலையில் வலையை நீள இழுத்து வெப்பம் கொடுத்து முடிச்சுகளை இறுக்குவார்கள். கண்கள் ஒரே அளவில் நிற்கும்.

தமிழில் 'படியவைத்தல்' என்றே சொல்லலாம். தலைமுடிக்கும் துணி மடிப்புக்கும் நாம் சொல்லும் சொல்தான். பின்னலுக்கும் அழகாகப் பொருந்தும்.