நகலெடுக்கப் போய்ப் பிறந்த வகைகள்: பீங்கான் வரலாற்றில் ஒரு மறுபார்வை

முன்னுரை

நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியும் பீங்கான்தான். தேநீர்க் கோப்பையும் பீங்கான்தான். கல்யாணப் பரிசாக வந்து அலமாரியை விட்டு இறங்காத தட்டுகளும் பீங்கான்தான். பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்த அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எர்தன்வேர், ஸ்டோன்வேர், போர்சலின், போன் சைனா எனக் கடைக்காரர்கள் பிரித்துச் சொல்லும் நான்கு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. மட்டத்திலிருந்து உயர்தரம் வரை ஏறும் படிகளாகவே பலரும் இவற்றைக் கருதுகிறார்கள். இன்றைய மேசைப் பாத்திர வகைகளில் பல, சீனப் போர்சலினை நகலெடுக்க முயன்றவர்கள் வழியில் கண்டெடுத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடைந்த ஓரம் காட்டுவது

உடைந்த பாத்திரத்தின் மெருகில்லாத ஓரத்தை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா? அது எர்தன்வேர். ஏறத்தாழ 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸில் சுடப்படும் இந்த மண்ணில் நுண்துளைகள் அடைபடுவதில்லை. மெருகு போனால் நீர் ஊறும். 1200 டிகிரியைத் தாண்டினால், அதற்கேற்ற களிமண் பாதி கண்ணாடியாகி இறுகும். நாக்கு ஒட்டாது, ஒளியும் ஊடுருவாது, அது ஸ்டோன்வேர். கயோலின் எனும் வெண்களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து 1300 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் சுட்டால் போர்சலின். மெல்லிய கிண்ணத்தை விளக்கின் முன் பிடித்தால், பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும்.

சீன வெண்மையும் பாஸ்ராவின் பூச்சும்

சீனர்கள் தாங் அரசர் காலத்திலேயே வெண் போர்சலின் செய்தார்கள். பின்னாளில் அதன் தலைநகராக விளங்கிய சிங்தசென்னுக்கு அருகிலுள்ள காவ்லிங் மலையின் பெயரே கயோலின் ஆயிற்று. கடல் வணிகத்தின் அளவைக் காட்ட ஒரு சான்று போதும்: இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998-இல் கண்டறியப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலில் சுமார் 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. பிற்கால வணிகத்தின் தடயமாக, இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்திலும் சீன ஓடுகள் கிடைத்துள்ளன.

அதே ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கின் பாஸ்ராக் குயவர்களுக்கு அந்த வெண்மை வேண்டியிருந்தது, கயோலின் இல்லை. வெள்ளீய ஆக்சைடு கலந்த மெருகால் மஞ்சள் மண்ணை மறைத்து, மேலே கோபால்ட் நீலத்தில் வரைந்தார்கள். அந்தப் பூச்சு ஸ்பெயின் வழியாக இத்தாலிக்குப் போய் மயோலிகா ஆனது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், மிங் அரசு சரிந்து சீனச் சரக்கு குறைந்த வேளையில், டெல்ஃப்ட் குயவர்கள் அதே உத்தியால் நீல-வெள்ளைத் தட்டுகளைச் செய்து குவித்தார்கள். தோற்றத்தில் சீனம், உள்ளே எர்தன்வேர்.

மைசென்: ஒரு கைதியின் சூளை

ஸ்டோன்வேரின் கதை சற்று வேறு. ரைன் கரையில் சீனத் தாக்கமின்றியே, சூளையில் உப்பெறிந்து மெருகேற்றிய ஜாடிகள் இடைக்காலம் முதல் உருவாயின. ஆனால் சாக்சனியில் அதுவும் போர்சலின் தேடலில் கலந்தது. பொன் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட யோஹன் பிரீட்ரிக் பாட்கரை மன்னர் அகஸ்டஸ் காவலில் வைத்திருந்தார். பெரிய கண்ணாடி வில்லைகளால் சூரிய வெப்பத்தைக் குவித்துக் கனிமங்களை உருக்கிப் பார்த்துவந்த அறிஞர் சிர்ன்ஹவுஸுடன் பாட்கர் வேலை செய்தார். முதலில் கிடைத்தது, மணிக்கல்போலப் பட்டை தீட்டக்கூடிய சிவப்பு ஸ்டோன்வேர். 1708-இல் வெள்ளைக் கலவை கைகூடியது; 1710-இல் மைசென் ஆலை தொடங்கியது. அகஸ்டஸின் மோகம் எத்தகையது? 1717-இல் 151 சீனப் பாண்டங்களுக்காகத் தம் குதிரைப்படை வீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார்.

எலும்பு எனும் உவமை

சிங்தசென்னில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் டான்ட்ரகோல் 1712-இலும் 1722-இலும் எழுதிய கடிதங்கள் செய்முறையை ஐரோப்பாவுக்கு விளக்கின. கயோலின் எலும்பு, உருகும் கல்லான பெடுன்ட்சே தசை என்பது அவர் அங்கு கேட்ட உவமை. இங்கிலாந்தில் அந்த எலும்பு உவமையாக நிற்கவில்லை. 1740-களின் இறுதியில் லண்டனின் பௌ ஆலை கலவையில் மாட்டெலும்புச் சாம்பலைச் சேர்த்தது. வில்லியம் குக்வர்தி கார்ன்வால் கயோலினைக் கொண்டு 1768-இல் சீன முறைப் போர்சலினுக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் ஆங்கிலேயச் சந்தை அவர் வழியில் செல்லவில்லை. 1790-களில் ஸ்போட் ஆலை எலும்புச் சாம்பல் ஏறக்குறைய பாதி, கயோலினும் கார்ன்வால் கல்லும் மீதி என்ற கலவையை நிலைப்படுத்தியது. போன் சைனா தன் வெண்மையையும் உறுதியையும் பெற்றது அந்தச் சாம்பலால்.

எளிய மண்ணும் சும்மா இருக்கவில்லை. ஜோசையா வெட்ஜ்வுட் வெண்களிமண்ணோடு அரைத்த தீக்கல் சேர்த்து, இளமஞ்சள் எர்தன்வேரைச் செம்மைப்படுத்தினார். 1765-இல் ஆங்கில அரசியின் ஆணை கிடைத்தது. 1774-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு 952 உருப்படிகள் கொண்ட தொகுப்பு முடிந்தது. அரண்மனை மேசைக்குப் போர்சலின்தான் வேண்டும் என்ற விதி அங்கே தளர்ந்தது.

முடிவுரை

இந்த வரலாற்றைப் படிக்கட்டாக வரைய முடியாது. கிடைத்த மண், எட்டிய வெப்பம், துணைக்கு வந்த கனிமம் ஆகிய மூன்றும் ஊருக்கு ஊர் மாறியதால் வகைகளும் மாறின. ஒளி ஊடுருவாத ஸ்டோன்வேர் ஜாடிதான் உப்பையும் புளிப்பையும் ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்கிறது. அலமாரித் தட்டுகளைவிட அதற்கு வேலை அதிகம்.