மாமியார் அடுக்களையும் மருமகன் திருநாளும்

வேற்றினத்தில் மணம் புரிந்தோர்க்குத் திருநாள் வரும்போது ஒரு வினாவும் உடன் வரும். எவர் வீட்டுக்குச் செல்வது? சீனப் புத்தாண்டின் முன்னிரவில் குடும்பத்தார் அனைவரும் ஒரே மேசையைச் சூழ்ந்து உண்ணும் இல்லத்தில், எதை உண்பது, எதைத் தவிர்ப்பது என்று தமிழ் மருமகன் ஒருவன் திகைத்து நிற்பது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதிய காட்சியன்று. ஆனால் அவ்வினாவுக்கு இம்மண்ணில் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்ட ஒரு சமூகம் உண்டு. மலாக்காச் செட்டிகள் என்போர் அவர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித்தொழில் நடத்த வந்த நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒன்றாக்கிப் பேசுவது இன்றும் ஓய்ந்தபாடில்லை. மலாக்காவைச் சுல்தான்கள் ஆண்ட 15ஆம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டைகளுடன் கப்பலேறி வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களே இச்செட்டிகள். பருவக்காற்று திரும்பும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலக் கப்பல்களில் தமிழ்ப் பெண்கள் வருவது அரிது. ஆகவே மலாய், ஜாவா, பத்தாக், சீனக் குடிகளில் பெண் கொண்டனர். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபோது நைனா சத்து என்னும் தமிழ் வணிகருக்குப் பெண்டகாரா பதவி அளித்தனர் என்றால், அவ்வணிகர்கள் அங்கே எத்துணை வேரூன்றியிருந்தனர் என்பது விளங்கும்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கணவனின் சுற்றத்தார் கடலுக்கு அப்பால் இருந்தனர். மனைவியின் சுற்றத்தாரோ அருகிலேயே இருந்தனர். எனவே திருநாளை யாருடன் கழிப்பது என்ற வழக்கே எழ வழியில்லை. திருநாள் கணவனுடையது; அதனைச் சமைத்த கைகள் மனைவியுடையவை, அவள் தாயுடையவை. மருமகள் கணவனின் தெய்வங்களை ஏற்றாள். கணவன் மாமியாரின் அடுக்களையை ஏற்றான்.

இந்த உடன்படிக்கையைக் கண்ணாரக் காண வேண்டுமாயின், மலாக்காவின் காஜா பேராங் பகுதியிலுள்ள செட்டிக் கிராமத்தில் போகிப் பண்டிகையைக் காண வேண்டும். அன்று முன்னோர்க்குப் படையலிடுவர். அதற்குப் 'பர்ச்சு போகி' என்று பெயர். 'படைச்சு' என்னும் நம் சொல்லே திரிந்து 'பர்ச்சு' ஆயிற்று என்று கருத இடமுண்டு. விளக்கேற்றி, வாழையிலை விரித்து, மறைந்த பாட்டன் பாட்டிமாரை நினைந்து வணங்கும் முறை தமிழருடையது. இலையில் இருப்பவையோ தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், சம்பல், பல்வகைக் குவே பலகாரங்கள்! படைக்கும் பெண்கள் உடுத்தியிருப்பது சாரோங்கும் கெபாயாவும். மறுநாள் பொங்கல் வழக்கம்போல் பொங்கி வழியும்.

மொழி மட்டும் தாய்வழியே சென்றது. பிள்ளைகள் அடுக்களையில் கேட்ட மலாயே வீட்டுமொழியாயிற்று. தமிழ் பெயர்களிலும் சடங்குகளிலும் சில சொற்களிலும் ஒதுங்கிற்று. இதனை இழப்பென்று கூறத் தயங்க வேண்டியதில்லை. ஆயினும் தமிழ் பேசாத நாவினர் தமிழர் திருநாளைக் கைவிடாது காத்தனர் என்பதையும் உடன் கூறுவதே நேர்மை. டச்சுக்காரர் ஆட்சியில் தாய்வநாயகம் செட்டியின் முயற்சியால் நிலம் பெற்று, 1781இல் பொற்கொல்லர் தெருவில் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பியவர்கள் இவர்களே. மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் அஃதொன்று. தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் திரளாக வந்திறங்கும் முன்னரே அங்கு மணியொலித்துக் கொண்டிருந்தது.

பின்னாளில் வாணிகம் குன்றிற்று, செல்வமும் சுருங்கிற்று. இளையோர் பலர் சிங்கப்பூருக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். 2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் இவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. இத்தகைய தமிழ் வழியினர் இருந்தனர் என்பதையே அப்போதுதான் அறிந்தவர்களும் உண்டு.

போகியோடு படையல் முடிந்துவிடுவதில்லை. ஆண்டின் நடுப்பகுதியில், பழப்பருவத்தையொட்டி இன்னொரு பர்ச்சு வருகிறது. அன்று முன்னோர்க்கு முன்னே டுரியானும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவிகின்றன. தமிழகத்துப் பஞ்சாங்கத்தில் இந்நாளைத் தேடினால் கிடைக்காது. அது மாமியார் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்த திருநாள்.