கடலடிச் சேற்றில் பிறந்த தீவு

கொச்சிக்குப் போனவர்கள் வெலிங்டன் தீவைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. துறைமுகம், கடற்படைத் தளம், ரயில் நிலையம் எல்லாம் அங்கேதான் அமைந்தன. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தீவின் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான்.

அன்றைய பிரிட்டிஷ் கொச்சி, சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. காயல் ஆழமும் அமைதியும் கொண்டது என்றாலும், அதன் வாயில் பெரிய மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நிற்க வேண்டும். சரக்கைப் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது.

திட்டை வெட்டலாம் என்ற யோசனை பழையதுதான். வெட்டினால் வடக்கே உள்ள வைப்பின் கரையைக் கடல் அரித்துவிடுமோ என்ற பயமே தடையாக இருந்தது. 1920-ல் சென்னை அரசு அனுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, அலைகளின் போக்கையும் மணலின் நகர்வையும் ஆராய்ந்தார். கருங்கல் தடுப்புகளால் கரையைக் காக்க முடியும் என்று காட்டிய பிறகே திட்டம் நகர்ந்தது. 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் புதிய வாய்க்கால் வழியாக உள்ளே நுழைந்தது.

சரி, தோண்டிய சேற்றையும் மணலையும் என்ன செய்வது? இங்கேதான் பிரிஸ்டோவின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. 'லார்ட் வெலிங்டன்' என்ற தூர்வாரிக் கப்பல் அடிமண்ணைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, குழாய் வழியாகக் காயலின் ஆழமில்லாத பகுதிக்கு அனுப்பியது. மண் படிந்தது, நீர் வடிந்தது, நிலம் எழுந்தது. இப்படிச் சுமார் 780 ஏக்கர் கிடைத்தது. சென்னை ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரே தீவுக்கும் வந்தது. ஒரே வேலையில் கப்பலுக்கு வழியும் கிடைத்தது, துறைமுகத்துக்கு இடமும் கிடைத்தது!

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வெட்டிய வாய்க்காலை ஆறுகளும் கடலும் நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் போன்ற இடங்களை மேடாக்க அந்த மண் பயன்பட்டதுண்டு. மற்றபடி பெரும்பகுதி கடலில் கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது.

அதே நேரத்தில், துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள செல்லானத்தில் கடல் வீடுகளுக்குள் புகுகிறது. 2021 மே மாதம் டவ்தே புயலின்போது அந்த மீனவ கிராமம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பின்னர் டெட்ராபாட் கற்களால் தடுப்புச்சுவர் எழுப்பப்பட்டது.

தோண்டிய மண்ணை அப்படியே செல்லானத்தில் கொட்டிவிடலாமே என்று கேட்கலாம். அவ்வளவு எளிதில்லை. மென்மையான களி அலையில் கரைந்துவிடும். கரையில் நிற்பது மணல்தான். மணலைப் பிரித்துக் கரைக்கும், களியைச் சுத்தம் பார்த்து மேடாக்கவும் அனுப்ப வேண்டும். கடலடி மணலால் கரையைக் காப்பது புதிதல்ல. நெதர்லாந்தில் 2011-ல் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கரையோரம் குவித்தார்கள்; அலையும் காற்றும் அதைக் கரை நெடுகப் பரப்புகின்றன.

தூர்வாரும் செலவு எப்படியும் ஆகத்தான் போகிறது. பிரிஸ்டோ தோண்டுவதற்கு முன்பே, கரைக்கு என்ன ஆகும் என்று யோசித்தார். மண் எங்கே போகும் என்றும் யோசித்தார். அந்த இரண்டு கேள்விகளையும் இன்று செல்லானத்துக்காகச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.