பாட்டி இல்லாத முகப்புப் பாடல்

பதின்வயதினரைப் பற்றிய 'டாசன்ஸ் கிரீக்' தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1998 ஜனவரியில் தொடங்கியது. அதன் முகப்புக்குத் தேர்வானது பவுலா கோல் எழுதிப் பாடிய 'ஐ டோன்ட் வான்ட் டு வெய்ட்'. தொடருக்கென்று எழுதியதல்ல, 1996இல் வந்த 'திஸ் ஃபயர்' தொகுப்பில் இருந்த பாட்டு. போரிலிருந்து காயங்களோடு திரும்பிய தாத்தா, பிள்ளைகளோடு காத்திருந்த பாட்டி, இருவரின் வாழ்க்கை அது. முகப்புக்காக வெட்டியபோது சரணங்களோடு பாட்டியும் போனார். காத்திருக்க மறுக்கும் அந்தப் பல்லவி, இளங்காதலின் அவசரமாக மட்டுமே கேட்டது.

தொகுப்பைத் தயாரித்தவரும் கோல்தான். ஆண் கூட்டாளி இல்லாமல், கிராமியின் ஆண்டுச் சிறந்த தயாரிப்பாளர் விருதுக்குத் தனியாகப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பெண் அவர். ஆனால் முகப்பில் ஒலித்த பதிவு அவர் கையில் இல்லை.

ஒளிபரப்புக்கு வாங்கிய உரிமை டிவிடிக்கும் இணையத்துக்கும் செல்லாது. செலவைக் குறைக்க, பல டிவிடிகளிலும் இணையத்திலும் ஜேன் ஆர்டனின் 'ரன் லைக் மேட்' வந்தது. ஒரு பெண்குரலின் இடத்தில் இன்னொரு பெண்குரல். கணக்குப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் போலும். கோல் பாட்டை மறுபடி பதிவுசெய்தார். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் ஒலித்தது அந்தப் பதிவுதான். முகப்பில் இப்போதும் பல்லவி மட்டுமே. பாட்டியைத் தேடிப் போகிறவர்கள் முழுப் பாட்டையும் கேட்க வேண்டும்.